கார் கேள்வி-பதில்: கொல்லிமலை ஏறும் ஆட்டோமேட்டிக்குக்கு எந்த ஆயில் கூலர்?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஏழு சீட் டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். கொல்லிமலையில் சோளக்காடு ஊருக்கு மேலே எங்களுக்கு மிளகுத் தோட்டம். மாதம் மூன்று நான்கு தடவை உர மூட்டையும் ஆட்களுமாக அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறுகிறேன். போன மாதம் பாதி வளைவு தாண்டியதும் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது. இன்ஜின் முள் ஏறவில்லை. பட்டறையில் இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு ஆயில் கூலர் போடச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், ராசிபுரம்

பதில்: கியர்பாக்ஸுக்குப் போடுங்கள், இன்ஜினுக்கு வேண்டாம்.

உங்கள் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று ஏறுகிறது. அப்போது, இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜின் பக்கம் வேகமாகவும் கியர்பாக்ஸ் பக்கம் மெதுவாகவும் சுற்றும். அந்த வித்தியாசம் எண்ணெயைக் கடைந்து சூடாக்குகிறது. வேகம் இல்லாததால் காற்றும் வராது. கியர்பாக்ஸ் எண்ணெய் 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 120ஐத் தாண்டி அடிக்கடி போனால் சீக்கிரம் கெட்டுவிடும்.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் எண்ணெய் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் முதல் செலவு எண்ணெய் மாற்றுவதுதான். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் சருகும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கழுவிவிட்ட பிறகு கூலரே தேவைப்படாமல் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால், கடையில் தட்டுகளை அடுக்கிச் செய்த 'ஸ்டாக்ட் பிளேட்' வகை கேளுங்கள். ஒரே குழாய் பாம்பு மாதிரி வளைந்து போகும் வகை விலை குறைவு, ஆனால் அதே அளவுக்குக் குளிர்ச்சியும் குறைவு. பெட்டியில் எத்தனை கிலோ வண்டிக்கு என்று போட்டிருந்தால், ஆளும் மூட்டையும் சேர்ந்த எடைக்குப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்கலாம். எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கம்பெனி கூலர் வழியாகப் போய், அப்புறம் புதியதில் நுழைந்து கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

பொருத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கூலரோடு வந்த நைலான் கம்பிகளை ரேடியேட்டர் இதழ்களுக்குள் குத்தி இழுத்துக் கட்டினேன். எட்டு மாத அதிர்வில் அது உராய்ந்து உராய்ந்து ரேடியேட்டர் ஓட்டையானது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஏற்காடு ரோட்டில் இருட்டில் நின்றது. அன்றிலிருந்து பம்பருக்குப் பின்னால் இரும்புப் பட்டை அடித்து, கண்டென்சரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளித்தான் மாட்டுகிறேன். உங்களுக்கும் அப்படியே கேளுங்கள். தண்ணீர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்; கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்று செய்த ஹோஸ்தான் வேண்டும். கூலரும் ஹோஸும் கொள்ளும் அளவுக்கு எண்ணெயைக் கூட்டி, வண்டிக் கம்பெனி சொன்ன சூட்டில் அளவு பாருங்கள். முதல் 100 கிலோமீட்டரில் கிளாம்ப் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

இன்ஜினுக்கு ஏன் வேண்டாம்? இத்தகைய டீசல் இன்ஜின் பெரும்பாலானவற்றில் ஆயில் ஃபில்டர் பக்கத்திலேயே கம்பெனி கூலர் உண்டு. உங்கள் முள்ளும் ஏறவில்லை. இன்ஜின் எண்ணெய் அதிக அழுத்தத்தில் ஓடுவது. தேவையில்லாமல் இரண்டு ஹோஸ் சேர்த்து அதில் ஒன்று பிடுங்கிக்கொண்டால், நீங்கள் ஓரம் கட்டுவதற்குள் எண்ணெய் காலியாகி இன்ஜின் பிடித்துவிடும்.

ஏறும்போது டி-யில் விடாமல் கையால் முதல், இரண்டாம் கியரில் வையுங்கள். விளக்கு எரிந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி பார்க்கிங்கில் போடுங்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குள் சுற்றி ஆறும்.

கேள்வி: என்னுடையது சாதாரண பெட்ரோல் கார், மேனுவல் கியர். ஊருக்குள்தான் ஓட்டுகிறேன். இன்ஜின் ஆயில் கூலர் போட்டால் ஆயுள் கூடுமா?
வாசகி, ஆத்தூர்

பதில்: கூடாது. எண்ணெய் நன்றாகச் சூடானால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். குறுகிய ஓட்டத்தில் அது சூடாவதே சிரமம். எண்ணெய் சூடாகும்வரை கூலருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் மாட்டினால் இன்னும் கெடும். அந்தப் பணத்தில் நல்ல எண்ணெய் ஊற்றி, வருடம் ஒரு முறை ஃபில்டரோடு மாற்றுங்கள்.