இரும்பு போட்டும் நானோடியூப் வளரலையே, ஏன்?

கேள்வி: கார்பன் நானோடியூப் (கார்பன் அணுக்களால ஆன ரொம்ப மெல்லிய குழாய்) வளர்க்கணும்னாலே கேட்டலிஸ்டா, அதாவது வினையைத் தூண்டுற மெட்டலா, இரும்பு, கோபால்ட், நிக்கல்னு மட்டும்தான் சொல்றாங்க, வேற மெட்டல் ஆகாதா?

பதில்: ஆகும், தங்கம், செம்புலகூட வளர்த்துக் காட்டியிருக்காங்க. ஆனா கார்பன் இருக்கிற கேஸை உடைக்கிறது, அதுல வர்ற கார்பனை கொஞ்சமா உள்ள இழுத்து திரும்ப வெளிய விடுறது, இந்த ரெண்டு வேலையையும் சேர்த்து நல்லா செய்றது அந்த மூணுதான். 1993-ல முதல்முதலா ஒற்றைச் சுவர் (ஒரே ஒரு கார்பன் அடுக்கு உள்ள) டியூப் கிடைச்சப்பவும் ஆர்க்குக்குள்ள, அதாவது கார்பன் கம்பிகளுக்கு நடுவுல உண்டாக்குற மின்பொறிக்குள்ள, இருந்தது இரும்பும் கோபால்ட்டும்தான்.

கேள்வி: சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தட்டு) மேல நேரா 5 நானோமீட்டர் இரும்பு கோட்டிங் போட்டு, 750 டிகிரி செல்சியஸ்ல அசிட்டிலீன் விட்டோம். டியூப் செங்குத்தா நிக்கும்னு பார்த்தா வெறும் கரிதான் படியுது. கேஸை இன்னும் கூட்டணுமா?

பதில்: தயவுசெஞ்சு கூட்டாதீங்க, குறைங்க. ஆனா உங்க பிரச்சினை கேஸ் விடுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. அந்த சூட்டுல இரும்பு சிலிக்கானோட சேர்ந்து சிலிசைடுங்கிற சேர்மமா ஆயிடும், அப்புறம் அது கேட்டலிஸ்டாவே இருக்காது. அதனால நடுவுல 10 நானோமீட்டர் அளவுக்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஒரு லேயர் போடுங்க, இது இல்லாம பண்றது வீண் வேலைன்னுதான் நான் சொல்வேன். அப்புறம் 5 நானோமீட்டர் இரும்பு ரொம்ப அதிகம், 1 நானோமீட்டர் போதும். சூடாகும்போது அந்த ஃபிலிம் கண்ணாடி மேல தண்ணி முத்து முத்தா திரளுற மாதிரி தனித்தனி துகளா பிரியணும், தடிமனா இருந்தா துகளும் பெருசாயிடும், துகள் எவ்வளவு பெருசோ கிட்டத்தட்ட அதை வச்சுதான் டியூபோட விட்டமும் வரும். ஹைட்ரஜன்லயே சூடு பண்ணுங்க, ஆக்சைடா மாறின இரும்பு திரும்ப மெட்டல் ஆகணும்ல. அதுக்காக மணிக்கணக்கா வச்சிடாதீங்க, சின்ன துகள் கரைஞ்சு பெரிய துகளோட சேர்ந்துடும், சிலது அலுமினாவுக்குள்ளயே போயிடும்.

அசிட்டிலீன் ரொம்ப வேகமா உடையுற கேஸ். துகள் உள்ள வாங்குறதவிட கார்பன் அதிகமா வந்து விழுந்தா அது மேலயே ஒழுங்கில்லாத கார்பன் மூடிக்கும், வளர்ச்சி அதோட நின்னுடும். 2004-ல ஜப்பான்ல எத்திலீனோட துளியூண்டு நீராவி சேர்த்தாங்க, 10 நிமிஷத்துல 2.5 மில்லிமீட்டர் உயரம் வந்துச்சு! அந்த நீராவி, கேட்டலிஸ்ட் துகள் மேல படியுற கரியை அரிச்சு எடுத்துடுது, அதனாலதான் கேட்டலிஸ்ட் சாகாம இருக்கு. ஆனா தண்ணி கூடிப்போச்சுன்னா டியூபும் சேர்ந்து போயிடும், அதனால இதை கடைசியா வச்சுக்கோங்க.

முதல்ல அலுமினா போட்ட ஒரு வேஃபரை ஹைட்ரஜன்ல மட்டும் சூடு பண்ணி, கார்பன் கேஸே விடாம ஆற வச்சு ஏஎஃப்எம்ல (நுண்ணிய ஊசி முனையால பரப்பை வருடிப் பார்க்கிற மைக்ரோஸ்கோப்) பாருங்க. சின்னச் சின்ன துகள் நெருக்கமா தெரிஞ்சா மட்டும் அடுத்த வேஃபருக்கு அசிட்டிலீனைத் திறங்க.