நான் அவசரப்பட்டுவிட்டேனா?

மேடம், எனக்கு வயது 33. கல்யாணமான நாளிலிருந்து அடியும் வசவும்தான். போன தை மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் ஆத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். பலகாரக் கடையில் கைமுறுக்கு சுற்றுகிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் முதலாளி யாரையாவது சத்தம் போட்டால் என் கை நடுங்கி இழை அறுந்துவிடுகிறது. என் சம்பளத்தில் மகளுக்கு ரிப்பன் வாங்கக்கூட, 'வாங்கட்டுமா ஆத்தா?' என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். அவர் நல்லபடியாக இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தால் ராத்திரியெல்லாம் அழுகை. 'பெரியவங்க பேசிச் சேர்த்து வைக்கிறோம்' என்கிறார்கள். அப்பச்சி (என் அப்பா) வாயே திறப்பதில்லை. நகை, சீர்ப் பாத்திரமெல்லாம் அங்கேயே கிடக்கிறது. நான் அவசரப்பட்டுவிட்டேனா?

- காரைக்குடி வாசகி

அன்புச் சகோதரி,

இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட உங்களை அவசரக்காரி என்று யார் சொல்ல முடியும்? கை நீட்டுகிறவர் தினமும் அடிப்பதில்லை. மறுநாளே மல்லிகைப்பூவோடு வந்து நிற்பதும் உண்டு. அந்த மாதிரி நாட்களைத்தான் உங்கள் மனம் தேடுகிறது. அழுகை வந்தால் அழுங்கள். அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

சத்தம் கேட்டால் அடுத்து அடி விழும் என்று உடம்பு பழகியிருக்கிறது. கை நடுங்கும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெல்ல, நீளமாக விடுங்கள். தூக்கமே கெட்டால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்பன் விஷயம்தான் என் மனசைப் பிசைந்தது. ஆத்தா தடுக்கவில்லை, இருந்தும் கேட்கிறீர்கள். இந்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி, யாரையும் கேட்காமல் மகளோடு கடைக்குப் போய்ச் செலவழியுங்கள். முதலில் குற்ற உணர்வு வரும். வரட்டும், வாங்குங்கள். மீதியை உங்கள் பெயரிலேயே தனிக் கணக்கில் போடுங்கள்.

நகையும் சீரும் உங்கள் சொத்து. அவற்றைத் திருப்பித் தரச் சொல்லவும் பராமரிப்புத் தொகை தரச் சொல்லவும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இப்போது இருக்கும் ஊரிலேயே மனு போடலாம். சிவகங்கை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், இலவசமாக வக்கீல் தரும். அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். சாமான் எடுக்கத் தனியாக மட்டும் போய்விடாதீர்கள்.

பெரியவர்கள் பேச வருமுன் அப்பச்சியிடம் பேசிவிடுங்கள். பேசாதிருப்பதால் அவர் உங்களுக்கு எதிரி என்று ஆகிவிடாது. 'அப்பச்சி, நான் திரும்பிப் போகமாட்டேன். அவங்க வந்தா நீங்கதான் எனக்காகச் சொல்லணும்' என்று நேராகவே கேளுங்கள்.