கழற்றிய லிங்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: என்னுடையது வேகமாக ஓட்டுவதற்கென்றே தயாரான கார். வளைவில் சாயாமல் இருக்கட்டும் என்று முன்பக்க ஸ்வே பாரையும் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) அதன் இரு முனைகளையும் இணைக்கும் எண்ட் லிங்க்குகளையும் வெளி கேரேஜில் மாற்றினேன். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லிங்க் அது. 7 மாதம் கழித்து ஸ்டீயரிங் கனத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் மோட்டாரின் சென்சார் பழுது, இடது ஆக்ஸில் பூட்டும் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது என்று டீலர் சொன்னார். வெளி பார்ட்ஸ் போட்டதால் இரண்டுக்குமே வாரண்டி இல்லையாம். 11 நாள் வண்டியை வைத்திருந்தார்கள். சர்வீஸ் அட்வைசர் என் மனைவி எதிரிலேயே என்னை மட்டமாகப் பேசினார். இப்போது பழைய லிங்க்குகளையே திரும்ப மாட்டிவிட்டேன். வேறு டீலரிடம் போகலாமா? அல்லது மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அட்வைசர் பேசியதையும் 11 நாள் காத்திருந்ததையும் டீலருக்கு அனுப்பும் நோட்டீஸில் எழுத வேண்டாம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை முதல் பக்கத்தில் வைத்தால் எதிர்த்தரப்பு அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு முக்கியமான கேள்வியிலிருந்து நழுவிவிடும்.

முக்கியமான கேள்வி ஒன்றுதான். நீங்கள் மாட்டிய லிங்க்தான் பழுதான பாகத்தைக் கெடுத்ததா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே இருந்தாலும் வழக்கு இதில்தான் வந்து நிற்கும். வாரண்டியில் உள்ள விலக்கைக் காட்டி மறுப்பவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும் என்பது பொதுவான நிலை. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டத்தைக் காட்டி, 'மாற்றம் செய்தாலும் வாரண்டியை மறுக்க முடியாது' என்று சொல்கிறவர்களை நம்பி இறங்காதீர்கள். தன் பிராண்ட் பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு வாரண்டி கொடுப்பதைத்தான் அது தடுக்கிறது. வெளி பாகமே சேதத்துக்குக் காரணம் என்றால் மறுப்பதைத் தடுக்கவில்லை.

சரி, உங்கள் கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். எண்ட் லிங்க் செய்வது ஸ்வே பாரின் முனையைச் சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட்டோடோ கீழ்க்கையோடோ இணைக்கும் வேலை. சக்கரத்தைத் திருப்புவது டை ராட் என்ற வேறு கம்பி. மோட்டாருக்குள் இருக்கும் சென்சார் கெட்டதற்கு லிங்க் எப்படிக் காரணம் என்று டீலர் எழுத்தில் விளக்கட்டும். அதில் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள்.

ஆக்ஸில் பூட் அப்படியல்ல. லிங்க்கின் நீளம் தப்பாக இருந்தாலோ, அந்த நீளத்தைப் பிடித்து வைக்கும் லாக் நட் தளர்ந்து லிங்க் திரும்பியிருந்தாலோ, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அது பூட்டில் உரசியிருக்கலாம். டீலர் எடுத்த படத்தில் லிங்க்கின் மேல் பளபளப்பான தேய்ந்த தடம் தெரிந்தால் அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பூட்டுக்காகச் சண்டை போட்டு ஸ்டீயரிங்கை இழந்துவிடக் கூடாது.

இனி என்னைக் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன்: 'பழைய லிங்க்குகளையே திரும்ப மாட்டிவிட்டேன்.' நல்ல கேஸோடு வந்தவர்கள் இதே இடத்தில் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். முதல் டீலர் படம் எடுத்திருப்பார். உங்கள் சேஸிஸ் எண்ணின் கீழ் கார் தயாரிப்பாளரின் பதிவில் அது ஏறியிருக்கவும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது டீலர் அந்த எண்ணைத் தட்டினால் எல்லாம் திரையில் வரும். 'வண்டியில் ஏதாவது மாற்றினீர்களா?' என்று அவர் கேட்டு, நீங்கள் இல்லை என்று சொல்லி, அதைக் குறித்த ஜாப் கார்டில் கையெழுத்தும் போட்டுவிட்டால், அதன்பின் வழக்கு சென்சாரைப் பற்றியதாக இருக்காது. நீங்கள் பொய் சொன்னீர்களா என்பதைப் பற்றியதாகிவிடும். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு உங்கள் மற்ற உண்மைகளையும் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் படிக்கும். பதிவே இல்லாவிட்டாலும், புதிதாகத் திருகிய போல்ட்டில் ஸ்பேனர் தடம் இருக்கும். நிபுணர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கழற்றியது குற்றமில்லை. மறைத்தால்தான் ஆபத்து. அந்த லிங்க்குகளைக் கழுவாதீர்கள், லாக் நட்டைத் தொடாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். இடது எது, வலது எது என்று சீட்டு கட்டுங்கள். ஒரு ஜாயின்ட்டின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரைக்கும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். லிங்க் பூட்டை எட்டியிருக்க முடியுமா என்பதை அந்த நீளம்தான் சொல்லும். அது உங்களுக்கு எதிராகவும் போகலாம். ஆனாலும் பாகம் காணாமல் போவது அதைவிட மோசம். இல்லாத பாகத்தைப் பற்றி எதிர்த்தரப்பு என்ன சொன்னாலும் உங்களிடம் மறுக்க எதுவும் இருக்காது. முதல் டீலருக்கு நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள்: இந்தத் தேதியில் கழற்றினேன், பத்திரமாக இருக்கிறது, வந்து பார்க்கலாம். பந்தயப் பாதையில் ஓட்டிய வீடியோ ஏதும் போட்டிருந்தால் இப்போது அழிக்காதீர்கள். தகராறு தொடங்கியபின் அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகத்தான் பார்க்கப்படும். புதிதாக எதுவும் போடாமல் இருந்தால் போதும்.

கேரேஜ் மீதும் லிங்க் தயாரித்தவர் மீதும் பாயலாமே என்று தோன்றும். லிங்க் வந்த பெட்டியை எடுத்துப் பாருங்கள். 'போட்டி ஓட்டத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் லிங்க் தயாரித்தவரிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கேரேஜ் பில்லில் 'வாடிக்கையாளர் கொண்டுவந்த பாகம்' என்று இருந்தால், பாகத்தின் தரத்துக்கு அவர் பொறுப்பில்லை என்பார். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது நீளத்தைச் சரி செய்தாரா, லாக் நட்டை முறையாக இறுக்கினாரா என்பது மட்டுமே அவரிடம் கேட்கக்கூடியது.

என் யோசனை, சமரசமாக முடியுங்கள். ஸ்டீயரிங்கை வாரண்டியில் மாற்றித் தரட்டும், பூட்டுக்கு நீங்கள் பணம் கட்டுங்கள். இந்த யோசனையை 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தலைப்போடு எழுதி அனுப்புங்கள். நிபுணர் அறிக்கை, வக்கீல் கட்டணம், பல மாத அலைச்சல் எல்லாவற்றையும் பார்த்தால் ஒரு பூட்டின் செலவு சின்னது.

ஆனால் சமரசக் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'வண்டியின் வாரண்டி முழுவதும் ரத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்றோ 'சஸ்பென்ஷன் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்' என்றோ ஒரு வரி அதில் இருக்கக்கூடும். நாளைக்கு கியர்பாக்ஸ் கெட்டால் அந்த வரியைத்தான் நீட்டுவார்கள். அதை அடித்துவிட்டு, 'இடது ஆக்ஸில் பூட் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். கார் தயாரிப்பாளரின் பதிவில் வாரண்டித் தடை போட்டிருந்தால் நீக்கியதாக எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைப் பற்றி எழுதிவிடுங்கள். விபத்து நடந்தபின் அவர்களாகக் கண்டுபிடித்தால் இழப்பு ஸ்டீயரிங்கைவிடப் பெரியதாக இருக்கும்.

கிழிந்த பூட்டோடு ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். கிரீஸ் வெளியேறி, மண் புகுந்து உள்ளே இருக்கும் மூட்டான சி.வி. ஜாயின்ட் கெட்டால், அந்தச் சேதத்தைத் தடுக்கத் தவறியது நீங்கள்தான் என்பார்கள். இந்த வாரமே டீலருக்கு எழுதுங்கள்: இந்தத் தேதிக்குள் வந்து பாருங்கள், அதன்பின் பூட்டை மாற்றப்போகிறேன், கழற்றிய பூட்டையும் லிங்க்குகளோடு சேர்த்து வைத்திருப்பேன்.