பித்தப்பைக் கல்லுக்கு ரோபோ வேண்டுமா?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 54 வயது, பித்தப்பையில் கல். வேலூரில் ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வது) போதும் என்கிறார். இன்னொரு இடத்தில் ரோபோதான் நல்லது, செலவு கூடும் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது ரோபோவில் செய்துவிடலாமா?"

அடகுக்கடைப் பக்கம் போகாதீர்கள். அம்மாவுக்கு வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, வலியே இல்லை என்றால் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது.

சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போகிறது என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், அதனால் பையோடு எடுப்பார்கள்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. அதே சிறு துளைகள், அதே கேமரா, வயிற்றை உப்பவைக்க அதே கரியமில வாயு. டாக்டர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே கருவிகளை இயக்குவார், அந்தக் கருவிகள் நம் மணிக்கட்டு போல வளையும், கை நடுக்கம் அங்கே போய்ச் சேராது. சிக்கலான ஆபரேஷன்களில் இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சாதாரணப் பித்தப்பைக்கு லேப்ராஸ்கோப்பியிலேயே பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம்.

இந்த ஆபரேஷனில் நாங்கள் பயப்படுவது பித்தக்குழாயில் காயம் படுவதற்குத்தான். அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்து 2023-ல் வந்த ஆய்வில், சரிசெய்ய வேண்டிய அளவுக்குக் குழாயில் காயம் பட்டது லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7. இரண்டுமே குறைவுதான், இருந்தாலும் விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இந்த முறையில் எத்தனை செய்திருக்கிறீர்கள்? பித்தப்பை உள்ளே பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிப்போயிருந்தால் என்ன செய்வீர்கள்? "தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்துவிடுவேன்" என்று தயங்காமல் சொல்கிறவரை நம்பலாம்.

காப்பீடு இருந்தால் ரோபோவுக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாலிசியில் பாருங்கள், பலருக்கு அது டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரியவருகிறது.

அப்புறம், ஆபரேஷன் ஆனபின் ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சில வாரம் எண்ணெயைக் குறைத்தால் போதும், பை இல்லாவிட்டாலும் ஈரலிலிருந்து பித்தம் நேராகக் குடலுக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் கண் மஞ்சளானாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ கல் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே, நடுராத்திரியானாலும் கூட்டிப்போங்கள். ரோபோவா லேப்ராஸ்கோப்பியா என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.