பொமரேனியனுக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம்: பல்லைப் பாருங்கள்

வணக்கம். ஏழு வயது பொமரேனியன், வாய் நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்கிறது, இப்போது கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. அங்கே சீழ் கட்டினால் இப்படித்தான் புடைக்கும். தயவுசெய்து நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நமக்கு வருகிற மாதிரி சொத்தை நாய்களுக்கு அபூர்வம். பெரும்பாலும் ஈறு நோய்தான். சின்ன வாய்க்குள் 42 பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்கில் காரை படிந்து, ஈறும் எலும்பும் அரித்துப்போகின்றன.

பல்லைச் சுத்தம் செய்யவோ பிடுங்கவோ கொடுக்கும் மயக்க மருந்துக்குப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. முன்னதாக ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பல் எக்ஸ்ரேயும் கேளுங்கள். மயக்கம் கொடுக்காமல் சுரண்டினால் பல் வெளியே வெள்ளையாகும், ஈறுக்குள் இருக்கும் அழுக்கு அப்படியே கிடக்கும். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் வீக்கம் வடிந்து மறுபடி வரும். பல்லைப் பிடுங்கினால் எப்படிச் சாப்பிடும் என்று கலங்க வேண்டாம். வலி போனதும் நன்றாகவே சாப்பிடும்.

அப்புறம், நம் பற்பசையால் தேய்த்துவிடாதீர்கள். சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் கூடவே கூடாது.