சிரிப்பும் சாட்சியமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செபாஸ்டியன் ழாப்ரிஸோவின் ‘எ வெரி லாங் என்கேஜ்மெண்ட்’ நாவலை லிண்டா கவர்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அண்மையில் படித்தேன். முதல் உலகப்போரில், சண்டையிலிருந்து தப்புவதற்காகத் தம் கையைத் தாமே காயப்படுத்திக்கொண்டதாகத் தண்டிக்கப்பட்ட ஐந்து பிரெஞ்சுப் படைவீரர்களைக் கைகளைக் கட்டி எதிரியின் பதுங்குகுழிக்கு முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மத்தில்ட், போர் முடிந்தபின் உண்மையைத் தேடுகிறாள். இவ்வளவு கொடிய விஷயத்தைப் படிக்கும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு அது உறுத்தியது. செத்தவர்களை வைத்து வேடிக்கை காட்டுவது தகுமா? துப்பறியும் கதையின் விறுவிறுப்பு அந்தத் துயரத்தை மலினப்படுத்திவிடாதா? இப்படியெல்லாம் உண்மையிலேயே நடந்ததா? திரைப்படமும் வந்திருப்பதாக அறிகிறேன். பார்க்கலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

சிரித்ததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அந்த நாவலில் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1917 ஜனவரியில், வட பிரான்சின் ஸோம் பகுதிப் பனியில், கைகள் கட்டப்பட்டு நடத்திச் செல்லப்படும் ஐவரை ழாப்ரிஸோ ஓரிடத்திலும் கேலிப்பொருளாக்குவதில்லை. தச்சன், பற்றவைப்புத் தொழிலாளி, குடியானவன், மார்சேய் நகரத்துப் போக்கிரி, இருபது வயதுகூட நிரம்பாத கடலோர ஊர்ப் பையன் என்று ஒவ்வொருவரையும் தொழிலோடும் ஊரோடும் அறிமுகம் செய்யும் முதல் அத்தியாயத்தில் ‘ஒரு ஊரில்’ என்று தொடங்கும் பாட்டி கதையின் தொனி இருக்கிறது. அதில் கேலி இல்லை. உயிரோடு மிஞ்சியவர்கள் வாயைத் திறக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது.

அந்தச் சிரிப்பு மேலே தூவிய மசாலா அல்ல, புலன்விசாரணையே அதைக்கொண்டுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். மத்தில்ட் மூன்று வயதில் ஏணியிலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போனவள். சக்கர நாற்காலியில் இருந்தபடி கடிதங்கள் எழுதியும் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தும்தான் பெரும்பாலும் விசாரிக்கிறாள். அதிகாரத்தின் பக்கத்திலிருந்து வரும் பதில்களில் மரியாதை இருக்கும், நாட்டுக்காக உயிர்நீத்தவர் என்ற சொற்கள் இருக்கும். தகவல் மட்டும் இருக்காது. இதற்கு நேர்மாறானவன் செலெஸ்தன் பூ என்னும் படைவீரன். எந்தச் சமையற்கூடத்திலிருந்தும் எதையாவது அடித்துக்கொண்டு வந்து தன் கூட்டாளிகளுக்குச் சோறு போடுகிறவன். ராணுவத்தையே நடுங்கவைப்பவன் என்று பட்டப்பெயர் வாங்கியவன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஐவரும் எதிரிக்கு முன்னால் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். மத்தில்டுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அந்தப் பையன், இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையே இருந்த ஆளில்லா நிலத்தில் பனிப்பொம்மை செய்துகொண்டிருந்தது, யார் எந்தப் பக்கம் ஊர்ந்தார்கள், யார் காலில் என்ன பூட்ஸ் கிடந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தீனி தேடி அலைந்தவனுக்குத்தான் அந்தக் களத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். அவன் வேடிக்கையானவனாக இருப்பதற்கும் நம்பத்தக்க சாட்சியாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

உரத்தின் விலையைப் பற்றி வரும் கடிதத்தையும் நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அழைத்துச் செல்லப்படும் குடியானவன் மனைவிக்குக் கடைசியாக எழுதும் கடிதத்தில், உரத்துக்கு அநியாய விலை சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறான். படிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. பெரும்பாலானோர் அந்த இடத்தைக் கடந்து போய்விடுவார்கள். அந்த அபத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ‘இந்த நேரத்தில் ஏன் உரம்?’ என்று கேட்கிற ஒருத்திக்கு மட்டும் கதவு திறக்கிறது. இதற்குமேல் சொன்னால், நாவலை இன்னும் படிக்காதவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

துப்பறியும் வடிவம் துயரத்தை மலினப்படுத்துகிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. வழக்கமான துப்பறியும் கதையில் பிணம் ஒன்று, சந்தேகத்துக்குரியவர்கள் பலர். இங்கே பிணங்கள் ஐந்து, கொன்றது யார் என்பதில் பெரிய ஐயம் கிடையாது. தீர்ப்பும் கையொப்பமும் முத்திரையும் அதற்குச் சான்று. ஐவரில் எவனேனும் பிணமாகாமல் தப்பினானா, குடியரசுத் தலைவரின் கருணை ஆணை என்ன ஆயிற்று என்பவைதான் இங்கே மர்மம். கொலைகாரனைத் தேடும் வடிவத்தை உயிரோடிருப்பவனைத் தேடும் வடிவமாகத் திருப்பிப் போட்டதுதான் ழாப்ரிஸோவின் பெரிய சாமர்த்தியம்.

எனக்கு இந்த நாவலில் வேறொரு மனக்குறை உண்டு. மத்தில்டின் அப்பா பெரும் பணக்காரர். விளம்பரங்கள், வழக்கறிஞர், கார், அவள் வரைந்த மலர் ஓவியத்தின்மேல் கண்வைக்கிற ழெர்மன் பீர் என்னும் தனியார் துப்பறிவாளர் என்று அவளுடைய காதலின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பணப்பை இருக்கிறது. அந்தப் பையின் எடையை நாவல் போதுமான அளவுக்கு உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதே உண்மையைத் தேடும், மார்சேய்ப் போக்கிரியின் காதலியான டினா லொம்பார்டியிடம் பணமில்லை. ஆகவே அவள் துப்பாக்கியோடு போகிறாள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தால் இன்னும் கூர்மையான நாவலாக இருந்திருக்கும். கடைசிப் பகுதியில் விளக்கக் கடிதங்கள் வரிசைகட்டி வருவதும் எனக்குச் சற்று அலுப்பூட்டியது.

இப்படியெல்லாம் நடந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். நாவலின் நிகழ்ச்சி கற்பனைதான். ஆனால் பிரெஞ்சுத் தளபதி பெத்தாங்கின் கீழ் பணியாற்றிய அதிகாரி ஸெரிஞி தம் நினைவுக்குறிப்பில் 1915-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். கையில் தாமே சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட 40 வீரர்களில் 25 பேரைச் சுட்டுக்கொல்ல எண்ணியிருந்த பெத்தாங், பிறகு மனம் மாறி, அவர்களைக் கட்டி, எதிரிக்கு மிக அருகிலிருந்த பதுங்குகுழிகளுக்கு வெளியே எறியுமாறும், இரவு முழுவதும் அங்கேயே கிடக்கட்டும் என்றும் ஆணையிட்டாராம். ஒழுங்கை மீறியதற்காகவும் கட்டளைக்குப் பணியாததற்காகவும் அந்தப் போரில் பிரெஞ்சு ராணுவம் தன் வீரர்களிலேயே 600-க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றது. பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்தது. 1914 செப்டம்பரில் ஏற்படுத்தப்பட்ட சிறப்பு ராணுவ நீதிமன்றங்களில் நீதிபதிகள் மூவர், மேல்முறையீடு இல்லை.

அபத்தம் நாவலாசிரியரின் கைச்சரக்கு அல்ல என்பதற்கு லூசியன் பெர்ஸோ என்பவரின் வழக்கே போதும். பெஸான்ஸோன் ஊரைச் சேர்ந்த இவர் குதிரைக்கு லாடம் அடிப்பவர். 1915 பிப்ரவரிக் குளிரில் மெல்லிய வெள்ளைத் துணிக் கால்சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தவர், எல்லோருக்கும் உள்ளதுபோல் ஒரு கம்பளிக் கால்சட்டை கேட்டார். செத்துப்போன ஒருவருடைய, கிழிந்து இரத்தம் தோய்ந்த கால்சட்டையைக் கொடுத்தார்கள். மறுத்தார். முதலில் எட்டு நாள் சிறை என்றார்கள். பிறகு படைப்பிரிவின் தளபதிக்கு அது போதவில்லை, சுட்டுக்கொன்றார்கள். 1922-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். இந்த வழக்கை முகத்தில் சலனமில்லாமல், சட்ட மொழியில், பிரிவு எண்களோடு எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். அந்தப் போரில் சிரிக்காத முகம் எப்போதும் தீர்ப்பு எழுதியவர்களுடையது.

மத்தில்டைப் போன்ற பெண்ணும் உண்மையில் இருந்திருக்கிறார். ஸூவான் கார்ப்பரல்கள் என்று அறியப்படும், 1915 மார்ச்சில் தம் ராணுவத்தாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட நால்வரில் ஒருவரான தெயோஃபில் மோப்பாவின் மனைவி பிளான்ஷ், பள்ளி ஆசிரியை. கணவரின் பெயரை மீட்க மனுக்கள், கூட்டங்கள், மேல்முறையீடுகள் என்று 1934 வரை போராடி வென்றார். அவருக்குப் பணக்கார அப்பா இல்லை. அவரைப் பற்றிப் படித்த பிறகு, மேலே சொன்ன என் மனக்குறை இன்னும் கெட்டிப்பட்டது.

திரைப்படத்தைப் பாருங்கள். ழான்-பியர் ழெனே 2004-இல் எடுத்தது, காட்சியழகு மிக்கது. ஆனால் அதில் மத்தில்ட் இளம்பிள்ளைவாதத்தால் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். சக்கர நாற்காலி போனதும் கடிதங்களின் இடம் சுருங்கி, அவளே எழுந்து போய் விசாரிக்கிற படமாகிவிடுகிறது. நீங்கள் நாவலை முதலில் படித்தது நல்லதாயிற்று. படம் பார்ப்பதற்கு முன் முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை படித்துவிடுங்கள். ஐவருடைய உடுப்பையும் ழாப்ரிஸோ ஏன் அவ்வளவு பொறுமையாக எழுதினார் என்பது இம்முறை தெரியும்.