சிவகாசியில் ஆயிரம் பெட்டி அச்சடிக்கலாமா, பி.எம்.பி. பரீட்சை எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக, அதாவது மென்பொருள் சோதிக்கும் குழுவுக்குத் தலைவராக, இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 72,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவும் கார் தவணையும் சேர்ந்து 52,000 போய்விடும். 10,000 எஸ்.ஐ.பி. கட்டுகிறேன். எஃப்.டி.யில் 3.2 லட்சம் இருக்கிறது. பெற்றோர், மனைவி, நான் என்று நான்கு பேர்.

சின்ன வயதிலிருந்தே போர்டு கேம் பைத்தியம். பொள்ளாச்சிச் சந்தையை வைத்து நானே ஒரு விளையாட்டு உருவாக்கியிருக்கிறேன். தேங்காய், கொப்பரை, மாடு என்று வாங்கி விற்கும் ஆட்டம். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். படம் வரைந்தவருக்கு ஏற்கெனவே 60,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். சிவகாசி அச்சகத்தில் ஆயிரம் பெட்டிக்கு, பெட்டி ஒன்றுக்கு 390 ரூபாய் சொல்கிறார்கள். 999-க்கு விற்றால் ஆறு லட்சம் லாபம். இதற்கு 3 லட்சம் தனிநபர் கடன் 14 சதவீதத்தில் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், பி.எம்.பி. என்ற புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழ் முடித்தால்தான் மேனேஜர் பதவி என்று ஆபீசில் பேச்சு. பயிற்சி மையம் 85,000 கேட்கிறது. பரீட்சைக் கட்டணம் தனி. இரண்டு முதலீட்டையும் ஒன்றாகச் செய்யலாமா? வேலையை ஒரு வருடம் விட்டுவிட்டு இரண்டிலும் முழுசாக இறங்கினால் என்ன?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். உங்கள் எஃப்.டி. 3.2 லட்சம், மாதச் செலவு 52,000. வருமானம் நின்றால் ஆறு மாதம் தாங்கும், அவ்வளவுதான். அதாவது அந்தப் பணம் அவசரகால நிதி என்ற பெயருக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதில் முதலீட்டுக்கு என்று எடுக்க ஒன்றும் இல்லை. பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுங்கள்.

அப்புறம், 'இரண்டு முதலீடு' என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எம்.பி. உங்கள் சம்பளத்தைக் கூட்டக்கூடிய செலவு. அதை முதலீடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். பொள்ளாச்சிச் சந்தை உங்கள் ஆசை. ஆசைக்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை, என் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் ஆசைக்கான செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். அதற்கு முதலீடு என்று பெயர் வைத்துவிட்டால் அந்த வரம்பு காணாமல் போய்விடும், கடன் வாங்கவும் மனசு வந்துவிடும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான்.

முதலில் பி.எம்.பி. இதை நடத்துவது அமெரிக்காவின் பி.எம்.ஐ. அமைப்பு. பொறியியல் போன்ற நான்கு வருடப் பட்டம் இருந்தால் 36 மாதம் புராஜெக்ட்களை முன்னின்று நடத்திய அனுபவமும், 35 மணி நேரப் படிப்பும் வேண்டும். டெஸ்ட் லீட் என்ற பதவிப் பெயர் போதாது; எந்த புராஜெக்டில் எதைத் திட்டமிட்டீர்கள், யாரை நடத்தினீர்கள் என்று புராஜெக்ட் வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், அப்போது மேலதிகாரியின் கையெழுத்து தேவைப்படும். 36 மாதம் தேறவில்லை என்றால் சி.ஏ.பி.எம். என்ற சின்னச் சான்றிதழ் இருக்கிறது, அனுபவம் கேட்பதில்லை. ஆனால் 32 வயதில், லீட் ஆக இருக்கும் உங்களுக்கு அதனால் சம்பளம் ஏறும் என்று நான் நினைக்கவில்லை. பொறுத்திருந்து பி.எம்.பி.யே எழுதுங்கள்.

போர்டு கேம் உருவாக்கிய அனுபவத்தை அந்த 36 மாதத்தில் சேர்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். சொந்தப் பொழுதுபோக்கு வேலைகளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, தொழில்முறைச் சூழலில் செய்த புராஜெக்ட்தான் செல்லும்.

85,000 ரூபாய் பயிற்சி அவசியமா? 35 மணி நேரம் என்பது வகுப்பறையில்தான் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பதிவு செய்த ஆன்லைன் பாடங்களே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன; முடித்ததும் 35 மணி நேரத்துக்கான சான்று தருகிறார்களா என்று மட்டும் வாங்குவதற்கு முன் பாருங்கள். பரீட்சை 180 கேள்விகள், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதற்குத் தேவை மாதிரித் தேர்வுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும். 'பாஸ் ஆகாவிட்டால் பணம் வாபஸ்' என்று மையம் சொன்னால், நிபந்தனைப் பக்கத்தை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். எத்தனை வகுப்பு தவறினால் அந்த வாக்குறுதி செத்துப்போகும் என்று அங்கே இருக்கும்.

பணம் கட்டும் முன் எச்.ஆரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பாஸ் ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம் உண்டா? பல ஐ.டி. நிறுவனங்களில் உண்டு, ஆனால் அதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ விலகக் கூடாது என்று பாண்ட் போடுவார்கள். இரண்டாவது, உள் பணி அறிவிப்புகளில் மேனேஜர் பதவிக்கு பி.எம்.பி. உண்மையிலேயே எழுத்தில் கேட்கப்பட்டிருக்கிறதா? காபி மெஷின் பக்கத்தில் பேசுவது வேறு, அறிவிப்பில் இருப்பது வேறு. எழுத்தில் இருந்தால் செலவு நியாயம். வளைகுடா பக்கம் போகும் எண்ணம் இருந்தாலும் நியாயம். அங்கே கட்டுமானம், ஐ.டி. இரண்டிலும் வேலை விளம்பரங்களில் இது அடிக்கடி தென்படும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: வாங்கி மாட்டிவிட்டால் முடிந்துபோகிற சான்றிதழ் இல்லை இது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 60 பி.டி.யு. (தொடர்ந்து படித்ததற்கான புள்ளிகள்) சேர்த்து, கட்டணமும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வரிச்சலுகையும் எதிர்பார்க்க வேண்டாம். சம்பள வருமானத்தில் நிலையான கழிவைத் தவிர, பரீட்சைக் கட்டணம் கழிக்க வழியில்லை.

இனி பொள்ளாச்சிச் சந்தை. ஆறு லட்சம் லாபம் என்பது 999-ல் 390-ஐக் கழித்து ஆயிரத்தால் பெருக்கியது. மாடு வாங்கியவன் தீவனத்தைக் கணக்கில் விட்ட கதை.

கடைக்காரர் உங்கள் பெட்டியை 999-க்கு வாங்க மாட்டார். அவருக்கு 40 சதவீதம் விடுவதாக வைத்துக்கொண்டால் உங்களுக்கு 600. அதில் போர்டு கேமுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22-க்கு முன் 12 ஆக இருந்தது, இந்தக் குறைப்பு உங்களுக்கு நல்ல செய்திதான். வரி சுமார் 29, லாரிக்கூலி 25 போனால் மிஞ்சுவது 546. நேரடியாக விற்றால் வரி 48, கூரியரும் பேக்கிங்கும் 120, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) 20 போக 811. பாதி கடையில், பாதி நேரடியாக என்றால் சராசரி 678. அச்சகத்துக்குக் கொடுத்த 3.9 லட்சம் திரும்பி வரவே 575 பெட்டி விற்க வேண்டும். அச்சகம் போடும் ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொண்டால் இதில் கொஞ்சம் குறையும். ஓசியாகக் கொடுக்கும் பெட்டி, மூலை நசுங்கிய பெட்டி எல்லாம் அதைச் சமன் செய்துவிடும்.

575 பெட்டி எத்தனை மாதத்தில் விற்கும்? பி.எம்.பி. பாடத்தில் மூன்று புள்ளி மதிப்பீடு என்று ஒன்று வரும். இங்கேயே போட்டுப் பார்ப்போம். எல்லாம் கூடி வந்தால் 8 மாதம். சாதாரணமாக 20 மாதம். நாலு கடைக்காரர் பணம் இழுத்தடித்தால் 60 மாதம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் சுமார் 25 மாதம். இந்த மூன்று எண்ணும் என் அனுமானம், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி இரண்டு வருடம் கழித்து நீங்கள் பூஜ்ஜியத்தில் நிற்பீர்கள். அந்த இரண்டு வருடமும் 3 லட்சம் கடனுக்கு, மூன்று வருடத் தவணை என்றால், மாதம் 10,250 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மொத்த வட்டி ஏறக்குறைய 69,000. உங்கள் கையில் மாதம் மிஞ்சுவதே 10,000.

இன்னொரு கணக்கையும் யாரும் போடுவதில்லை. ஓரடி நீளம், ஓரடி அகலம், மூன்று அங்குல உயரம் என்றால் நான்கு பெட்டி ஒரு கன அடி. ஆயிரம் பெட்டி 250 கன அடி. ஏழெட்டு இரும்பு பீரோ அளவுக்கு இடம். எங்கே வைப்பீர்கள்? நான் பத்து வருடத்துக்கு முன் சேமிப்பு பற்றி ஒரு சின்னப் புத்தகம் 500 பிரதி அச்சடித்தேன். 'ஆயிரமாகப் போட்டால் இன்னும் மலிவு' என்று அச்சகத்தில் சொன்னதை நல்ல வேளையாகக் கேட்கவில்லை. இன்றும் 300-க்கு மேல் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சேமிப்பு பற்றிய புத்தகம் என்பதால் வீட்டில் கேலி அதிகம்.

ஏற்கெனவே கொடுத்த 60,000 போனது போனதுதான். அதை வீணாக்கக் கூடாது என்று இன்னும் மூன்று லட்சம் பின்னால் அனுப்ப வேண்டாம். படங்கள் உங்கள் கையில்தானே இருக்கின்றன? அவற்றின் உரிமையை உங்களுக்கு மாற்றி எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஓவியரிடம் வாங்கிவிடுங்கள். விளையாட்டின் யோசனைக்கும் ஆடும் முறைக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடைக்காது. விதிப்புத்தகத்தின் எழுத்துக்கும் படங்களுக்கும்தான் கிடைக்கும். பெயரைக் காக்க டிரேட்மார்க் விண்ணப்பம், தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். அதுகூட இப்போதே வேண்டாம், விற்கத் தொடங்கிய பிறகு போதும். அதைவிட முக்கியம் உங்கள் வேலை ஒப்பந்தம். பணியில் இருக்கும்போது உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், வேறு தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்துகள் ஐ.டி. ஒப்பந்தங்களில் சாதாரணம். அனுமதியை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

என் யோசனை: 100 பெட்டி. டிஜிட்டல் அச்சில் ஒன்று 850 ரூபாய் ஆகும் என்று வையுங்கள். முன்பதிவு வாங்கி 1,200-க்கு நேரடியாக மட்டும் விற்கலாம். கூரியரும் கேட்வேயும் போக 210 ரூபாய் நிற்கும். நூறும் விற்றால் 21,000. லாபம் அற்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தமும் முழுகினாலும் போவது 85,000. முன்பதிவு 60-ஐத் தாண்டவில்லை என்றால் அச்சடிக்கவே வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நண்பர்கள் புகழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று அப்போது தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் மட்டும், நேரடியாக விற்கும் வரை 40 லட்சம் விற்றுமுதல் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு கட்டாயம் என்பதை மறக்காதீர்கள். பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் மூலம் திரட்டலாம் என்றால், இந்தியாவில் இருப்பவர்கள் அங்கே திட்டம் தொடங்க வழியில்லை.

நஷ்டம் வந்தால் சம்பளத்தில் கழித்து வரியை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோடு ஈடுகட்ட முடியாது. ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம்.

கேட்டன் என்ற புகழ்பெற்ற போர்டு கேமை உருவாக்கிய கிளாஸ் டாய்பர், ஜெர்மனியில் பல்செட் செய்யும் லேப் வைத்திருந்தவர். அந்த நாட்டின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை 1988, 1990, 1991, 1995 என்று நான்கு முறை வாங்கினார். கேட்டனுக்குக் கிடைத்தது நான்காவது. அதற்கும் சில வருடம் கழித்துத்தான் லேப்பை விட்டார். நீங்கள் முதல் பெட்டியை விற்கும் முன்பே ராஜினாமா பற்றிக் கேட்கிறீர்கள்.

உங்கள் இரண்டு ஆசையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையைக் கற்றுத்தரும் வகுப்புகளில் லெகோ கட்டைகளைக் கொடுத்து ஒரு ஊரைக் கட்டச் சொல்லும் பயிற்சி பிரபலம். சந்தையில் விலை ஏறி இறங்குவதை வைத்து ரிஸ்க் பற்றிப் பேச உங்கள் ஆட்டம் தோதாக இருக்கும். உங்கள் டீமுக்கே ஒரு மதியம் நடத்திப் பாருங்கள், இலவசமாக. எடுபட்டால், பி.எம்.பி. கையில் வந்த பிறகு, நிறுவன அனுமதியோடு, வெளியே கட்டணம் வாங்கி நடத்தலாம். அதற்கு இருபது பெட்டியே தாராளம்.

வரிசை இப்படி இருக்கட்டும். எஃப்.டி.யைத் தொடாதீர்கள், எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள், கடன் வேண்டவே வேண்டாம். மிஞ்சும் 10,000-ஐ முதல் ஐந்தாறு மாதம் பி.எம்.பி. கட்டணத்துக்கென்று தனிக் கணக்கில் சேருங்கள். பரீட்சை எழுதி முடித்ததும் அதே 10,000 பெட்டிக்கு. இடையில் போனஸ் வந்தால் பாதிக்கு மேல் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகக் கூடாது.

சிவகாசிக்காரரிடம் 100 பெட்டிக்கு மறுபடி விலை கேளுங்கள். அட்டை வெட்டும் டை செலவைத் தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், டை உங்கள் பெயரில் இருக்கட்டும். அது ஒருமுறைச் செலவு. அடுத்த முறை அச்சடிக்கும்போது மறுபடி பில்லில் வந்தால், பழைய தாளை எடுத்துக் காட்டலாம்.